‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதப்பட்ட பக்கவாதம்: மருத்துவ ஆய்வு எதைத் தேடுகிறது?

ஒரு கையும் காலும் இழுத்துக்கொண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், பத்து நாளில் ஓரளவு தேறி வீடு திரும்புகிறார். கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கிரிப்டோஜெனிக் ஸ்ட்ரோக்’ என்று ஒரு வரி இருக்கிறது. வடசென்னையின் கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ உள்ள மருந்துக்கடையில் அந்தத் தாளை நீட்டி அர்த்தம் கேட்டால், “காரணம் தெரியாத வாதம்” என்று பதில் வரும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. காரணமே தெரியாமல் எதற்கு இத்தனை மாத்திரை? டாக்டருக்குத் தெரியவில்லையா, சொல்ல மறுக்கிறாரா? கொரோனா ஊசியா, மணலி ஆலைகளின் புகையா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கண்டுபிடித்திருப்பார்களா?

‘கிரிப்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மறைந்தது என்று பொருள். காரணம் இருக்கிறது, கண்ணுக்கு அகப்படவில்லை என்பதே அந்த வரி சொல்வது. மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்தப் பட்டியலில் சேர்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் மருத்துவ உலகம் இந்த நான்கில் ஒன்றை எப்படித் துருவியது, எங்கே வழுக்கி விழுந்தது, அதனால் நோயாளிக்கு என்ன மாறியது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை?

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துக் கசிவது ஒன்று. குழாய் அடைபட்டு, அதற்கப்பால் உள்ள மூளைப் பகுதிக்கு ரத்தம் போகாமல் நிற்பது மற்றொன்று. அடைப்பு வகையே அதிகம். ‘காரணம் தெரியவில்லை’ என்ற வரியும் பெரும்பாலும் அடைப்பு வகைக்கே எழுதப்படுகிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தெருவின் பெரிய குழாயிலேயே துரு ஏறி வழி சுருங்கியிருக்கலாம். வீட்டுக்குப் பிரியும் மெல்லிய குழாய் அடைத்திருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்து, நீரேற்று நிலையத்திலிருந்து கிளம்பிய குப்பை ஒன்று மிதந்து வந்து வளைவில் சிக்கியிருக்கலாம். மூளையிலும் நடப்பது இதுதான்.

1. கழுத்திலும் மூளை அடியிலும் உள்ள பெரிய தமனிகளில் கொழுப்புப் படிந்து வழி சுருங்குவது.
2. மூளையின் ஆழத்தில் உள்ள மயிரிழை போன்ற குழாய்கள், பல ஆண்டு ரத்த அழுத்தத்தாலும் சர்க்கரையாலும் தடித்து அடைபடுவது.
3. இதயத்துக்குள் உண்டான ரத்தக்கட்டி கிளம்பி வந்து மூளைக்குழாயில் சிக்குவது.
4. தமனிச் சுவர் கிழிதல், ரத்தமே அளவுக்கு மீறி உறையும் தன்மை பெறுதல், குழாய்ச் சுவரில் அழற்சி போன்ற அரிய காரணங்கள்.

மூளையின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது என்பதை ஸ்கேன் காட்டிவிடும். அந்த அடைப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஸ்கேன் மட்டும் காட்டாது. குப்பை சிக்கிய வளைவைப் பார்த்தவர் நீரேற்று நிலையத்தைப் பார்த்தவர் ஆகமாட்டார்.

எங்கிருந்து வந்தால் என்ன, அடைப்பு அடைப்புதானே என்று கேட்கலாம். மருந்து மாறும் என்பதே பதில். வேகமாக ரத்தம் ஓடும் தமனியில் கொழுப்புத் திட்டு உடைந்தால், அங்கே முதலில் வந்து குவிபவை தட்டணுக்கள். அவற்றை அடக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவை. இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டினால், அது ஃபைப்ரின் என்ற புரத வலை பின்னிய கட்டி. அதற்கு வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற உறைதல் தடுப்பு மருந்துகள் வேண்டும். வெளியில் இரண்டையுமே ‘ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பாது. இரண்டாம் வகையில் ரத்தக்கசிவு ஆபத்தும் கூடுதல். ஆகவே காரணத்தைத் தேடுவது அடுத்த அடைப்பு வராமல் தடுக்கும் மாத்திரை எது என்ற கேள்விதான்.

ஒரே வரிக்குள் மூன்று பேர்

1980களில் அமெரிக்காவில் ‘ஸ்ட்ரோக் டேட்டா பேங்க்’ என்ற பதிவேட்டில் இருந்த அடைப்பு வகை நோயாளிகள் 1,273 பேரை ஆராய்ந்தபோது, 508 பேருக்குக் காரணம் சொல்ல முடியவில்லை. இந்தக் கணக்கு 1989-இல் வெளிவந்தது. பத்தில் நான்கு பேர் என்பது எந்த மருத்துவத் துறைக்கும் கூச்சம் தரும் எண்.

1993-இல் ‘டோஸ்ட்’ என்ற வகைப்பாடு வந்தது. உறைதல் தடுப்பு மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆய்வுக்காக, நோயாளிகளைப் பிரித்து அடுக்குவதற்கென்றே செய்யப்பட்ட பட்டியல் அது. அந்த மருந்து பலன் தரவில்லை. பட்டியல் மட்டும் உலகம் முழுவதும் இன்றுவரை நிலைத்துவிட்டது. மேலே சொன்ன நான்கு காரணங்களோடு, ‘நிர்ணயிக்கப்படாதது’ என்ற ஐந்தாம் பெட்டியும் அதில் உண்டு. அந்தப் பெட்டிக்குள் மூன்று வேறு வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1. எல்லாப் பரிசோதனையும் செய்தும் எதுவும் அகப்படாதவர்.
2. ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் அகப்பட்டவர். கழுத்துத் தமனியும் சுருங்கியிருக்கிறது, இதயத் துடிப்பும் ஒழுங்கில்லை. எது குற்றவாளி என்று கைகாட்ட முடியவில்லை.
3. பரிசோதனையே முழுதாகச் செய்யப்படாதவர்.

மூவருக்கும் தாளில் விழும் வரி பெரும்பாலும் ஒன்றுதான். முதலாமவருக்கு ‘தேடினோம், கிடைக்கவில்லை’. மூன்றாமவருக்கு ‘தேடவில்லை’. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சாதாரணமானதல்ல. எம்.ஆர்.ஐ.க்கு வரிசை நீளம் என்று சி.டி.யோடு நின்றவர், கூலி போகிறதே என்று மூன்றாம் நாளே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன துறைமுகச் சுமைதூக்குபவர், தனியாரில் தொடங்கிப் பணம் தீர்ந்ததும் அரசு மருத்துவமனைக்கு மாறியவர் ஆகியோர் இந்த மூன்றாம் இனத்தில்தான் வருவார்கள். இவர்களுடைய பக்கவாதம் மறைந்த காரணத்தால் வந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. சொல்லப்போனால், ‘காரணம் தெரியவில்லை’ என்ற வரியைப் பார்த்ததும் நோயாளி வீட்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்த மூன்றில் எது, டாக்டர்?” என்பதே.

இதயத்தின் மேல் விழுந்த சந்தேகம்

முழுதாகத் தேடியும் அகப்படாதவர்களிடம் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இவர்களில் பலருக்கு மூளை ஸ்கேனில் தெரியும் பாதிப்பு, எங்கிருந்தோ மிதந்து வந்த கட்டி சிக்கியது போன்ற தோற்றத்தில் இருந்தது. ஆகவே சந்தேகம் இதயத்தின் மேல் விழுந்தது. குறிப்பாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறின் மேல்.

இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல், புழு நெளிவதுபோல் நடுங்குவதே இந்தக் கோளாறு. ரத்தம் முழுதாக வெளியேறாமல், இடது மேலறையின் ஓரத்தில் காது மடல்போல் தொங்கும் சிறு பையில் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்தது உடைந்து கிளம்பினால் நேரே மூளைக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த நடுக்கம் பலருக்கு வந்து வந்து போகும். ஈசிஜி பதிவாகும் நேரம் பத்து விநாடி. ஹோல்ட்டர் என்ற பெட்டியை மாட்டிவிட்டால் 24 அல்லது 48 மணி நேரம். மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் நடுராத்திரியில் அரைமணி நேரம் வரும் திருடனைப் பிடிக்க, பகலில் ஒருமுறை தெருவை எட்டிப் பார்த்தால் போதாது.

2014-இல் இரண்டு ஆய்வுகள் இதை எண்களால் காட்டின. ‘எம்ப்ரேஸ்’ என்ற கனடா ஆய்வில் 572 பேர். 30 நாள் தொடர் பதிவு செய்தவர்களில் 16.1 சதவீதம் பேரிடம் இந்தத் துடிப்புக் கோளாறு அகப்பட்டது. 24 மணி நேரப் பதிவோடு நின்றவர்களில் அது 3.2 சதவீதம். ‘கிரிஸ்டல் ஏ.எஃப்.’ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. மார்புத் தோலுக்கு அடியில் பொருத்தும் சிறு பதிவுக் கருவியை 441 பேரில் பாதிப் பேருக்கு வைத்தார்கள். ஓராண்டில் 12.4 சதவீதம், மூன்றாண்டில் 30 சதவீதம் பேரிடம் கோளாறு தெரிந்தது. வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களிடம் மூன்றாண்டு கழித்தும் 3 சதவீதம்தான்.

தேடினால் கிடைக்கும் என்று இதைப் படித்துவிட்டுக் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பக்கவாதம் வந்து இரண்டரை ஆண்டு கழித்து, ஒரு ராத்திரி இரண்டு நிமிடம் மேலறை நடுங்கியது என்று கருவி பதிந்தால், அந்த இரண்டு நிமிடம்தான் இரண்டரை ஆண்டுக்கு முந்தைய அடைப்புக்குக் காரணம் என்று சொல்ல முடியுமா? வயதானவர் யாருக்கும் நீண்ட நாள் கருவி வைத்துப் பார்த்தால் இந்த நடுக்கம் ஓரளவு அகப்படவே செய்யும். 2021-இல் வெளியான டென்மார்க்கின் ‘லூப்’ ஆய்வில், இந்தக் கோளாறு இருப்பதாக அறியப்படாத, ஆனால் பக்கவாத ஆபத்து கூடிய 6,004 முதியவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கருவி வைத்தவர்களிடம் கோளாறு 31.8 சதவீதம், வைக்காதவர்களிடம் 12.2 சதவீதம் அகப்பட்டது. அகப்பட்டவர்களுக்கு மருந்தும் தொடங்கப்பட்டது. ஆனாலும் பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. எத்தனை நிமிட நடுக்கம் மருந்துக்குரியது என்ற கேள்வி இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது.

தோலுக்கடியில் வைக்கும் கருவியின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. எட்டக்கூடியது வேறொன்று உண்டு. மணிக்கட்டு நாடியில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் கவனிப்பது. இந்தக் கோளாறு உள்ள நேரத்தில் நாடி எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் துள்ளும். கானாவுக்கு மேசையில் தாளம் போட்டுப் பழகிய விரல்களுக்குத் தாளம் தப்பிய நாடி எளிதில் பிடிபடும். அப்படித் தோன்றினால் அந்த நேரத்திலேயே ஈசிஜி எடுப்பது, நாள் கணக்கில் கழித்து எடுப்பதைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

ஒரு பெயர் வைத்தார்கள், மருந்து பொருந்தவில்லை

இந்தக் கதையில் ஆய்வுலகம் வழுக்கிய இடம் இது. நின்று பார்க்கத் தகுந்தது.

2014-இல் ஒரு பன்னாட்டுக் குழு ‘ஈசஸ்’ என்ற புதிய பெயரை முன்வைத்தது. மூலம் தெரியாத, மிதந்து வந்த கட்டியால் ஏற்பட்ட பக்கவாதம் என்பது அதன் பொருள். ‘நிர்ணயிக்கப்படாதது’ என்ற குப்பைக்கூடையிலிருந்து, முறையாகப் பரிசோதிக்கப்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுப்பது நோக்கம். ஸ்கேனில் ஆழ்குழாய் அடைப்பின் அடையாளம் இருக்கக் கூடாது. அந்தப் பகுதிக்குப் போகும் பெரிய தமனியில் 50 சதவீதமோ அதற்கு மேலோ சுருக்கம் இருக்கக் கூடாது. இதயத்தில் பெரிய ஆபத்து எதுவும் தெரியக் கூடாது. வேறு தனிக் காரணமும் இருக்கக் கூடாது. இந்த நான்கும் பொருந்தினால் ஈசஸ்.

அடுத்த தர்க்கம் கேட்க நன்றாகவே இருந்தது. கட்டி மிதந்து வந்திருக்கிறது. மிதந்து வரும் கட்டி பெரும்பாலும் இதயத்தில் உண்டாவது. இதயக் கட்டிக்கு உறைதல் தடுப்பு மருந்து பலன் தரும். ஆகவே எல்லா ஈசஸ் நோயாளிக்கும் அதைக் கொடுக்கலாம்.

கொடுத்துப் பார்த்தார்கள்.

1. ‘நேவிகேட் ஈசஸ்’, 2018: 31 நாடுகளில் 7,213 பேர். உறைதல் தடுப்பு மருந்தான ரிவராக்ஸபானும் ஆஸ்பிரினும் மோதின. மீண்டும் பக்கவாதமோ வேறிடத்தில் அடைப்போ வருவது முறையே ஆண்டுக்கு 5.1 சதவீதம், 4.8 சதவீதம். பலன் இல்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 0.7-இலிருந்து 1.8 சதவீதமாக ஏறியது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.
2. ‘ரெஸ்பெக்ட் ஈசஸ்’, 2019: 5,390 பேர். டாபிகட்ரான் என்ற உறைதல் தடுப்பு மருந்து எடுத்தவர்களுக்கு 4.1 சதவீதம், ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு 4.8 சதவீதம். வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவே.
3. ‘ஆர்கேடியா’, 2024: மேலறை பலவீனப்பட்டதற்கான அடையாளம் உள்ள 1,015 பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு பாதிக்கு அபிக்ஸபானும் மறு பாதிக்கு ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். இரு பக்கமும் ஆண்டுக்கு 4.4 சதவீதம். சமம்.

ஏன் தோற்றது? ஈசஸ் என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. பல நோய்களுக்கு ஒரே சட்டை மாட்டிய பெயர். அந்தக் கூட்டத்தில் சிலருக்கு மறைந்திருந்த மேலறை நடுக்கம். சிலருக்கு 50 சதவீதத்துக்குக் குறைவான, ஆனால் உடையும் நிலையில் இருந்த தமனித் திட்டு. சிலருக்கு இதயச் சுவர்த் துளை, சிலருக்கு மறைந்த புற்றுநோய். ஒரே மருந்தால் இத்தனை பேருக்கும் பலன் வர வேண்டும் என்று எதிர்பார்த்தது அவசரம். அந்த அவசரத்தில், புதிய விலையுயர்ந்த மாத்திரைகளுக்குப் பெரிய சந்தை திறக்கும் என்ற எண்ணத்துக்கும் பங்கில்லை என்று நம்புவது கடினம்.

நோயாளிக்கு இதிலிருந்து கிடைப்பது தெளிவானது. காரணம் தெரியாத நிலையில், துடிப்புக் கோளாறு நிரூபிக்கப்படாதபோது, மருத்துவர் ஆஸ்பிரின் வகையையே எழுதிக் கொடுத்தால் அது சிக்கனமோ அலட்சியமோ அல்ல. ஆதாரம் காட்டும் வழி அதுதான். ‘வீரியமான மாத்திரை’ கேட்டு வற்புறுத்துவது ரத்தக்கசிவை விலைகொடுத்து வாங்குவதாக முடியலாம்.

பிறக்கும்போது மூடாத கதவு

தோல்விகளுக்கு நடுவே ஓர் இடத்தில் ஆய்வு உறுதியான விடை கண்டது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. ஆகவே இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் நேரே போக ஒரு சிறு வழி இருக்கும். பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. பேட்டன்ட் ஃபொரேமன் ஓவேல் என்று இதற்குப் பெயர். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் ஒரு தொல்லையும் தராது.

காலின் சிரையில் உண்டாகும் கட்டி வழக்கமாக நுரையீரலில் போய்ச் சிக்கும். இந்தக் கதவு திறந்திருந்தால் அது இடது பக்கம் தாவி மூளைக்குப் போய்விடலாம் என்பதை ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் யூலியுஸ் கோன்ஹைம் 1877-லேயே எழுதினார். ஆனால் துளையை மூடினால் பலன் உண்டா என்பதற்கு உறுதியான ஆதாரம் வர 140 ஆண்டு ஆயிற்று. 2017-இல் ஒரே நேரத்தில் மூன்று ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. அவற்றில் ‘குளோஸ்’ என்ற பிரெஞ்சு ஆய்வின் முடிவு கண்ணில் அறைவது: துளை மூடப்பட்ட 238 பேரில் ஒருவருக்குக்கூட மீண்டும் பக்கவாதம் வரவில்லை. மாத்திரை மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது. மூடப்பட்டவர்களில் 4.6 சதவீதம் பேருக்குப் புதிதாக மேலறை நடுக்கம் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நான்கில் ஒருவருக்கு உள்ள துளை, பக்கவாதம் வந்தவரிடமும் தற்செயலாக இருக்கத்தானே செய்யும்? அதைப் பிரிக்க ‘ரோப்’ என்ற மதிப்பெண் முறை உண்டு. வயது குறைவு, ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை, முன்பு பக்கவாதம் வந்ததில்லை, பாதிப்பு மூளையின் வெளி அடுக்கில் என்றால் மதிப்பெண் கூடும். வேறு சந்தேக நபர் யாரும் அருகில் இல்லாதபோதுதான் துளையின் மேல் பழி வலுக்கிறது. ஆய்வுகள் நடந்ததும் பெரும்பாலும் 60 வயதுக்கு உட்பட்டவர்களிடம். 68 வயதில், சர்க்கரையும் அழுத்தமும் பீடியும் சேர்ந்த ஒருவரிடம் துளை தெரிந்தால், அதை மூடச் சொல்லும் விளம்பரத்தைவிட மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லும் மருத்துவரை நம்புவது நல்லது.

நம் பக்கம் முதலில் தேட வேண்டியவை

மேலே சொன்ன ஆய்வுகளின் கேள்விகள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்காவின் மருத்துவமனைகளில் எழுந்தவை. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கத்தில், ‘மறைந்தது’ என்ற முடிவுக்கு வருமுன் விலக்க வேண்டியவை சில வேறு.

முதலாவது, ருமாட்டிக் இதய நோய். சிறு வயதில் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றி, கவனிக்கப்படாமல் விட்டால், சில வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு மாறி மாறி வலியும் வரும். வலி போய்விடும். இதய வால்வு கெட்டுவிடும். நெருக்கமான வீடுகளில், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் இடங்களில் இந்தக் கிருமி எளிதில் பரவுகிறது. பல ஆண்டு கழித்து, முப்பது வயதுப் பெண்ணுக்கு இடது வால்வு சுருங்கி, மேலறை விரிந்து, அங்கே கட்டி உண்டாகி, பக்கவாதம் வருகிறது. சிறு வயதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு இடையில் விட்டவர் என்றால், அந்தத் தகவலை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எக்கோ பரிசோதனையில் இது தெரிந்துவிடும். மருந்தும் இங்கே வேறு: 2022-இல் வெளியான ‘இன்விக்டஸ்’ ஆய்வில், ருமாட்டிக் நோயோடு மேலறை நடுக்கமும் உள்ளவர்களுக்குப் புதிய ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையே உயிரைக் காத்தது. இந்தியாவும் பங்கெடுத்த, நான்கரை ஆயிரம் பேர் கொண்ட ஆய்வு அது.

இரண்டாவது, மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் சுருக்கம். வெள்ளையரிடம் கழுத்துத் தமனிச் சுருக்கம் அதிகம். இந்தியர் உள்ளிட்ட ஆசியரிடம் மூளைக்குள்ளேயே உள்ள தமனிகள் சுருங்குவது அதிகம். கழுத்தில் டாப்ளர் என்ற ஒலியலை ஸ்கேன் மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று முடித்துவிட்டால் இது தப்பிவிடும். மூளைக்குழாய்களைக் காட்டும் சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ தேவை.

மூன்றாவது, சிரை அடைப்பு. மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் வழி உறைவது இது. பிரசவம் ஆன பெண்களிடமும் உடலில் நீர் வற்றியவர்களிடமும் பார்க்க வேண்டியது. கடும் தலைவலி, வலிப்பு என்று தொடங்கும். பிரசவமான பெண் தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று தடுக்கும் வீட்டுப் பழக்கத்தை இந்த இடத்தில் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை.

மீதி அரியவை: இளம் வயதினரிடம் கழுத்துத் தமனிச் சுவர் கிழிதல், மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஆன பெண்களிடம் ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள், காசநோய் மூளையுறையைத் தாக்குவதால் வரும் குழாய் அழற்சி.

புகையா, ஊசியா?

எண்ணூரில் கொற்றலை ஆறு கடலில் கலக்கும் பக்கத்தில் வாழ்பவர்களுக்குப் புகையின் மேல் சந்தேகம் வருவது இயல்பு. இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தாக வேண்டும். ஒன்று அபாயக் காரணி. மற்றொன்று அடைப்பு உண்டான வழி.

காற்றில் உள்ள பி.எம். 2.5 என்ற நுண்துகள் பக்கவாதத்தைக் கூட்டும் அபாயக் காரணி என்பதில் ஐயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 40. எட்டு மடங்கு தாராளம். அந்த இந்திய வரம்புக்குள் காற்று இருந்தால் ‘தரம் சரி’ என்று அறிக்கை வரும். நுரையீரலுக்கு அந்த அறிக்கை தெரியாது.

ஆனால் இது ஒரு மக்கள்தொகைக்குச் சொல்லக்கூடிய உண்மை. குறிப்பிட்ட ஒருவரின் மூளைக்குழாயை அடைத்தது மணலிப் புகை என்று எந்தப் பரிசோதனையும் காட்டாது. புகை, பீடி, உப்பு, அழுத்தம் எல்லாம் தமனியைக் கெடுக்கும் அல்லது இதயத்தைக் கெடுக்கும். அடைப்பு அந்த வழியாகத்தான் வரும். ஆகவே ‘காரணம் தெரியவில்லை’ என்ற வரியை எடுத்து ‘அப்படியானால் புகைதான்’ என்று நிரப்புவது தவறு. ‘ஒருவருக்குக்கூட நிரூபிக்க முடியாது, ஆகவே புகைக்குப் பங்கில்லை’ என்று ஆலைத் தரப்பு சொன்னால் அதுவும் அதே தவறின் மறுபக்கம்.

ஊசி விஷயம் சுருக்கமானது. ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசி, அதாவது இங்கே கோவிஷீல்டாகப் போடப்பட்டது, மிக அரிதாக ஒரு வகை ரத்த உறைவை உண்டாக்கியது உண்மை. 2021-லேயே மருத்துவ இதழ்களில் பதிவானது. 2024-இல் பிரிட்டன் நீதிமன்ற ஆவணம் வழியாகச் செய்தியாகி மீண்டும் பீதி கிளம்பியது. அந்த உறைவுக்கு அடையாளங்கள் உண்டு: ஊசி போட்டுச் சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் வரும், தட்டணு எண்ணிக்கை விழும், பெரும்பாலும் சிரையில் வரும். ஊசி போட்டு மூன்றாண்டு கழித்துத் தமனியில் வந்த அடைப்பை அதன் கணக்கில் எழுத முடியாது.

காரணம் தெரியும்வரை என்ன செய்வது?

அடைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலும், அடுத்தது வராமல் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி காரணத்துக்காகக் காத்திருப்பதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை ஆகிய நான்கும் எந்த வழியில் வந்த அடைப்புக்கும் பொதுவானவை. அழுத்த மாத்திரையை ‘இப்போது நார்மலாக இருக்கிறது’ என்று நிறுத்துவதே மீண்டும் படுக்கையில் தள்ளும் வழிகளில் முதன்மையானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாதம் குணமாகும் என்று நம்பிப் புறா ரத்தம் தடவுவதில் கழியும் நாட்கள் பிசியோதெரபிக்கு உரியவை.

மீண்டும் வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே அவகாசம். பெரிய குழாய் அடைப்பாக இருந்து, குழாய் வழியே கட்டியை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைக்குத் தகுந்தவர் என்றால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. அப்படி எடுக்கப்படும் கட்டிகளே இன்று ஆய்வுப் பொருளாகிவிட்டன. காரணம் தெரியாத நோயாளிகளின் கட்டிகளில் பல, இதயத்திலிருந்து வந்த கட்டிகளை ஒத்திருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

புறநோயாளிப் பிரிவில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

1. முழுப் பரிசோதனையும் முடிந்துதான் காரணம் தெரியவில்லையா, இன்னும் பாக்கி இருக்கிறதா?
2. மூளைக்குள் உள்ள தமனிகளின் படம் எடுக்கப்பட்டதா?
3. எக்கோவில் வால்வும் மேலறையும் எப்படி இருக்கின்றன? 60 வயதுக்கு உட்பட்டவர் என்றால், துளைக்கான பபிள் டெஸ்ட் தேவையா?
4. இதயத் துடிப்பை இன்னும் நீண்ட நேரம் பதிவு செய்ய வேண்டுமா?

கடைசியாக, பழைய தாள்கள். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று முதியவர்கள் சொல்லும் ஸ்டான்லியானாலும் சென்ட்ரல் எதிரில் உள்ள பெரியாஸ்பத்திரியானாலும், புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு முன்பு எடுத்த ஈசிஜி ஒன்று பெரிய துப்பு. எதற்கோ எடுத்த அந்த ஈசிஜியில் மேலறை நடுக்கம் பதிந்திருந்தால், ‘தெரியவில்லை’ என்ற வரி அன்றே அடித்துத் திருத்தப்படும், மாத்திரையும் மாறும். ஈசிஜி பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் கிடந்தால், நாளாவட்டத்தில் கோடுகள் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்தோ கைப்பேசியில் படம்பிடித்தோ, தேதி தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.